சிவப்புக் கட்டத்துக்குக் கைதட்டியவர்

இலக்கிய நண்பர்களிடம் மேலாண்மைப் புத்தகம் படிக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அலுவலகத்தில் நாவல் படிப்பதை மறைக்கிறோம், இங்கே வந்து இதை மறைக்கிறோம். ஆனால் கடந்த முப்பது வருடங்களில் நம்முடைய அன்றாடத்தை நேரடியாகத் தீர்மானித்த புனைவு வகை எது என்று கேட்டால், கார்ப்பரேட் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு என்றுதான் சொல்வேன். புனைவு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அதில் வரும் சம்பவங்கள் பொய் என்று அர்த்தமில்லை. எதைப் பெரிதாக்குவது, எதைச் சட்டென்று தாண்டிப்போவது, கடைசியில் என்ன நீதியைப் பிழிந்தெடுப்பது, இதெல்லாம் கதைசொல்லியின் வேலை. அந்த வேலையை விமர்சகன் படித்துப் பார்க்காமல் விட்டால், ஹெச்.ஆர். ஆட்கள் படித்துவிட்டு வந்து நமக்கு வகுப்பு எடுப்பார்கள். எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த வகுப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். நிறுவனத்தை நடத்துகிறவருக்கு எது முக்கியம், தொழில் தெரிந்திருப்பதா, ஆட்களை நடத்தத் தெரிந்திருப்பதா? பதில் கேள்விக்கு முன்பே தயாராக இருக்கும். தொழில் தெரிந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தலைமைப்பண்பு கடையில் கிடைக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் தொழில் தெரியாதவர்களே இதைச் சொல்வதால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். சந்தேகத்தை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத முடியாது என்பதால் மூன்று புத்தகங்களைச் சேர்த்து வாசித்தேன். ஜெனரல் எலக்ட்ரிக்கை இருபது வருடம் ஆண்ட ஜாக் வெல்ச்சின் தன்வரலாறு, 2001-இல் வந்தது. ஃபோர்டைக் காப்பாற்றிய ஆலன் முலாலி பற்றி பிரைஸ் ஹாஃப்மன் எழுதிய ‘அமெரிக்கன் ஐகான்’, 2012. போயிங்கின் சரிவைப் பற்றி பீட்டர் ராபிசன் எழுதிய ‘ஃப்ளையிங் பிளைண்ட்’, 2021. முதலாவது தற்பெருமை, இரண்டாவது துதி, மூன்றாவது பிரேதப் பரிசோதனை. மூன்றையும் ஒட்டி ஒரே மாதிரியான காட்சி ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: கீழே இருக்கிற ஒருவர் மேலே இருக்கிற ஒருவருக்குக் கெட்ட செய்தி கொண்டுபோகிறார். என் கேள்விக்கான பதில் இந்தக் காட்சிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

வெல்ச்சிலிருந்து தொடங்கலாம். வருடம் 1963. மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் ஜி.இ.யின் பிளாஸ்டிக் பிரிவு. வெல்ச்சுக்கு வயது 28. அவர் பொறுப்பில் இருந்த சோதனை ஆலை வெடித்துக் கூரை பறந்துவிடுகிறது. எளிதில் தீப்பற்றும் கரைசல் ஒன்றுக்குள் ஆக்சிஜனைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பொறி. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை. மறுநாள் ஆள் காரை எடுத்துக்கொண்டு நூறு மைல் ஓட்டி, கனெக்டிகட்டில் இருந்த சார்லி ரீட் என்ற உயரதிகாரியிடம் விளக்கம் சொல்லப் போகிறார். வேலை போய்விடும் என்கிற பயம். ரீட் கோபப்படவில்லை. கேள்விகளாகக் கேட்கிறார். எதனால் வெடித்தது, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய், அந்தச் செயல்முறையைச் சரிசெய்ய முடியுமா, தொடரலாமா. இந்தச் சம்பவத்திலிருந்து வெல்ச் எடுத்துக்கொள்ளும் பாடம்: தவறு செய்து ஏற்கெனவே நொந்துபோயிருப்பவனை அடிக்கக் கூடாது, தூக்கிவிட வேண்டும்.

நல்ல பாடம். ஆயிரம் பயிற்சி வகுப்புகளுக்குப் போதும். ஆனால் அதே பக்கங்களில் வெல்ச் இன்னொரு தகவலையும் தருகிறார், அதை வைத்து எதையும் செய்யாமல். ரீட் எம்.ஐ.டி.யில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே சில வருடங்கள் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கேள்விகளை ரீட் கேட்க முடிந்தது, கேட்டு வந்த பதில் உண்மையா சமாளிப்பா என்று எடைபோட முடிந்தது, அவருக்கு வேதியியல் தெரிந்ததால்தான். வேதியியல் தெரியாத கருணைமிக்க ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இரண்டே வழி. தோளில் தட்டி அனுப்பியிருப்பார், அல்லது சீட்டைக் கிழித்திருப்பார். இரண்டுக்கும் வெடிப்போடு சம்பந்தம் கிடையாது. நாவலாசிரியனாக இருந்தால் இந்த இடத்தில் நின்றிருப்பான். வெல்ச் நிற்கவில்லை. ரீடின் பொறுமையை எடுத்துக்கொண்டு அவருடைய வேதியியலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறார். வெல்ச்சே வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது இதில் கூடுதல் வேடிக்கை. தன்னைக் காப்பாற்றிய படிப்பைத் தன் கதையிலிருந்து தானே கழித்துவிட்ட ஆள்.

கழித்ததன் விளைவு வெறும் புத்தகத்தோடு நிற்கவில்லை. மேலாளர்களை வருடா வருடம் 20, 70, 10 என்று மூன்றாகப் பிரித்து, கடைசிப் பத்து சதவீதத்தை வெளியே அனுப்பும் முறையை வெல்ச் பிரபலமாக்கினார். தொலைதூரத்தில் இருந்துகொண்டு பெல் கர்வ் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும் நம் ஊர் ஐ.டி. பிள்ளைகளுக்கு இதன் ருசி தெரியும். கடைசிப் பத்தில் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவன், ஆலை வெடித்தால் நூறு மைல் கார் ஓட்டிப்போய்ச் சொல்ல மாட்டான். 28 வயது வெல்ச் 60 வயது வெல்ச்சிடம் வேலை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது இந்தப் புத்தகத்தை வாசிக்க நல்ல வழி.

இரண்டாவது விளைவு, தலைமைப்பண்பு ஏற்றுமதிப் பொருளானது. எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் ‘லீடர்’களைத் தயாரிக்கும் பள்ளிக்கூடமாக ஜி.இ. தன்னைச் சொல்லிக்கொண்டது, சந்தையும் நம்பியது. 2000 நவம்பரில் வெல்ச்சின் வாரிசாக ஜெஃப் இம்மெல்ட் தேர்வானதும், தோற்ற இருவரும் சில நாட்களிலேயே வேறு சிம்மாசனங்களுக்குப் போனார்கள். மின்னுற்பத்திப் பிரிவை நடத்திய பாப் நார்டெல்லி வீட்டுச் சாமான்கள் விற்கும் ஹோம் டிப்போவுக்கு. விமான எஞ்சின் பிரிவை நடத்திய ஜிம் மெக்நெர்னி 3எம்முக்கு. நார்டெல்லிக்குச் சில்லறை வியாபாரத்தில் அனுபவம் இல்லை. விற்பனை பெருகியது, உண்மைதான். ஆனால் அந்தக் கடைகளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவர்கள் குழாய் வேலையும் மின்வேலையும் செய்து பழகிய முழுநேர ஊழியர்கள். ‘இந்தக் கசிவுக்கு எந்த வாஷர் போடணும்?’ என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள். அவர்களில் பலர் போய்ப் பகுதிநேர ஆட்கள் வந்தார்கள். கணக்கில் அது சேமிப்பு. 2007 ஜனவரியில் சுமார் 21 கோடி டாலரோடு நார்டெல்லி வெளியேறினார். அடுத்து அவர் தலைமையேற்ற கிரைஸ்லர் 2009-இல் திவால் மனு கொடுத்தது. 2009-இல் யார் இருந்திருந்தாலும் கிரைஸ்லர் தடுமாறியிருக்கும் என்று வாதிடலாம், நியாயம்தான். நான் அந்த ஏற்றுமதி நம்பிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

*

இரண்டாவது காட்சி மேலாண்மை உலகத்தில் கிட்டத்தட்ட புராணக்கதை. ஏற்கெனவே கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதில் வேறொன்று வேண்டும்.

2006 செப்டம்பரில் ஆலன் முலாலி ஃபோர்டுக்குத் தலைவராக வருகிறார். முப்பத்தேழு வருடம் போயிங்கில் விமானம் செய்தவர், கார் தெரியாது. வியாழக்கிழமைதோறும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் தங்கள் வேலையின் நிலையை வண்ணம் போட்டுக் காட்ட வேண்டும். பச்சை என்றால் சரியாகப் போகிறது, மஞ்சள் என்றால் சிக்கல் இருக்கிறது, சிவப்பு என்றால் மாட்டிக்கொண்டோம். முதல் சில வாரங்கள் அறை முழுக்கப் பச்சை. அந்த வருடம் ஃபோர்டின் இழப்பு 1,200 கோடி டாலருக்கு மேல். அவ்வளவு இழக்கப்போகிற கம்பெனியில் ஒன்றுகூடவா சரியில்லாமல் இல்லை என்று முலாலி கேட்கிறார். பதில் இல்லை. பிறகு ஒரு வாரம், மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டுகிறார். கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புது வண்டியில் ஏதோ சிக்கல். வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார். அறை அமைதி. இந்த ஆள் காலி என்று எல்லோரும் நினைக்கும்போது முலாலி கைதட்டுகிறார். யார் உதவ முடியும் என்று கேட்கிறார். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக யோசனை சொல்கிறார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அறை வானவில் மாதிரி ஆகிறது.

நான் பார்த்த வரையில் இந்தக் கதை எப்போதும் கைதட்டலோடு முடிக்கப்படும். தலைமைப்பண்புக் கட்சிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது: பாருங்கள், கார் தெரியாத மனுஷன், ஆட்களை நடத்தத் தெரிந்ததால் ஜெயித்தார். ஹாஃப்மனும் பெரும்பாலும் இந்தச் சுருதியில்தான் எழுதுகிறார். டெட்ராய்ட்டில் வாகனத் தொழில் செய்தியாளராக இருந்தவர், அறைகளுக்குள் நம்மைக் கூட்டிப்போகும் திறமை அவருக்கு நிறைய உண்டு. நாயகனைவிட்டு ஓரடி தள்ளி நிற்கும் திறமைதான் குறைவு.

எனக்குக் கைதட்டலைவிட அந்த வியாழக்கிழமைத் தாள்தான் சுவாரஸ்யம். அது எங்கிருந்து வந்தது? போயிங்கில் 777 விமானத்தைச் செய்தபோது முலாலி பழகிய முறை அது. பல லட்சம் பாகங்கள் கொண்ட ஒரு பொருளை ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் சேர்ந்து செய்யும்போது, ஒரு குழுவின் சிக்கல் இன்னொரு குழுவுக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். இறக்கைக்காரன் மறைத்த விஷயம் சக்கரக்காரன் தலையில் விழும். கெட்ட செய்தியை மேசைமேல் வைப்பது அங்கே பெருந்தன்மை இல்லை, பொறியியல் ஒழுங்கு. முலாலி ஃபோர்டுக்குக் கொண்டுபோனது அந்த ஒழுங்கைத்தான். நாம் அதைத் தலைமைப்பண்பு என்று கூப்பிடுகிறோம், ஏனென்றால் அது வேலை செய்யும் இடத்தை நாம் பார்க்கவில்லை, கைதட்டும் இடத்தை மட்டும் பார்த்தோம். கார் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலும் பாகங்களின் எண்ணிக்கையைப் பற்றியதுதான்: காரில் சில ஆயிரம், விமானத்தில் இருபது லட்சம், அதோடு அது வானத்திலேயே நிற்கவும் வேண்டும்.

இங்கே நம் ஊரை ஒரு பத்தி உள்ளே விடுகிறேன். இந்த வண்ணத் தாள் சென்னை, கோவை, பெங்களூரு ஐ.டி. அலுவலகங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் என்று பெயர். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் வெள்ளிக்கிழமை மதியம் லீட் வந்து நிற்பார். “ரெட்னு போட்டா எஸ்கலேஷன் ஆயிடும்பா. ஆம்பர் போட்டுக்க, மண்டே பாத்துக்கலாம்.” அவர் மேலாளரிடம் போகும்போது ஆம்பர் வெளிர்பச்சை ஆகும். வாடிக்கையாளரிடம் போகும்போது நல்ல கிளிப்பச்சை. இதற்குத் தர்பூசணி ரிப்போர்ட் என்று எங்களுக்குள் பெயர், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. அந்த மேலாளர் கெட்டவர் இல்லை. ஆளுமைப் பயிற்சியெல்லாம் முடித்தவர், பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவார், “எதுவா இருந்தாலும் என்கிட்ட ஓப்பனா பேசலாம்” என்பார். பேசிப் பார்த்தவர்கள் உண்டு. டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஏன் இந்த மாதம் முடியாது என்று ஒரு பெண் அரைமணி நேரம் விளக்கினாள். எல்லாவற்றையும் கனிவாகக் கேட்டுவிட்டு “பாசிட்டிவா அப்ரோச் பண்ணுங்கம்மா” என்றார். அவருக்கு அவள் சொன்னது விஷயமாகக் கேட்கவில்லை, மனநிலையாகக் கேட்டது. தொழில் தெரியாதவர் காதில் எல்லாக் கெட்ட செய்தியும் ‘நெகட்டிவிட்டி’ ஆகத்தான் விழும். வேறு எப்படி விழும், பாவம்.

*

ராபிசனின் புத்தகத்துக்கு வருகிறேன். மூன்றில் சிறந்தது இதுதான். 346 பேர் செத்துப்போன விஷயத்தைக் குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறார்.

2018 அக்டோபர் 29, ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் ஜாவா கடலில் விழுந்தது, 189 பேர். 2019 மார்ச் 10, அடிஸ் அபாபாவிலிருந்து கிளம்பிய எத்தியோப்பிய விமானம் ஆறு நிமிடத்தில் தரையில் மோதியது, 157 பேர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். பழைய 737-இல் பெரிய எஞ்சினை முன்தள்ளி மாட்டியதால் சில நிலைகளில் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். அதைக் கீழே அழுத்த எம்காஸ் என்றொரு மென்பொருள். அது நம்பியிருந்தது ஒரே ஒரு சென்சாரை. சென்சார் தப்பாகச் சொன்னால், சரியாகப் போகிற விமானத்தின் மூக்கையும் மீண்டும் மீண்டும் கீழே அழுத்தும். சோதனைகளின்போது அதன் வலிமையை 0.6 டிகிரியிலிருந்து 2.5 டிகிரிக்கு உயர்த்தினார்கள். ஒழுங்குமுறை அமைப்பிடம் இருந்த பாதுகாப்பு ஆவணத்தில் பழைய எண்ணே இருந்தது. விமானிகளின் கையேட்டில் எம்காஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் குறைத்துக்கொள்கிறோம் என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பயிற்சி தேவை என்று யாராவது சொன்னால் அது சிவப்புக் கட்டம். அதன் விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்லும் விதம் இப்படி. 1997-இல் போயிங்கும் மெக்டொனல் டக்ளஸும் இணைந்தன. அதுவரை பொறியாளர்களின் கோயிலாக இருந்த போயிங்குக்குள் கணக்குப்பிள்ளைகள் நுழைந்தார்கள், கோயில் கடைத்தெரு ஆனது. ராபிசனின் கதையோட்டமும் பெரும்பாலும் இந்தச் சரிவில்தான் உருள்கிறது. எனக்கும் இது பிடித்த கதைதான். படித்தவன் நல்லவன், எம்.பி.ஏ. வில்லன். பிரச்சினை என்னவென்றால் அவருடைய பாத்திரங்களே இந்தக் கதைக்கு அடங்க மறுக்கிறார்கள்.

இணைப்பை நடத்திய ஃபில் காண்டிட் அசல் பொறியாளர். 757-இன் தலைமைத் திட்டப் பொறியாளராக இருந்தவர், 777 திட்டத்தை முலாலிக்கு முன்பு நடத்தியவர். தலைமையகத்தை 2001-இல் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றியது அவர்தான். காரணம் ஒளிக்காமல் சொன்னார்: ஆலைக்குப் பக்கத்தில் தலைமையகம் இருந்தால் அன்றாட வேலைக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறோம். கிட்டத்தட்ட 2,800 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். போயிங்கைப் பொறியியல் நிறுவனமாக இல்லாமல் வியாபாரமாக நடத்துவதே தன் நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்ன ஹாரி ஸ்டோன்சைஃபர் இயற்பியல் படித்தவர். இரண்டு விபத்துகளின்போதும் நாற்காலியில் இருந்த டென்னிஸ் முய்லன்பர்க் விண்வெளிப் பொறியியல் பட்டதாரி, 1985-இல் பயிற்சி மாணவராக உள்ளே வந்தவர். மறுபக்கம், அயல்பணிக்கு அள்ளிக்கொடுப்பதால் லாபமும் சேர்ந்து வெளியே போகிறது என்று 2001-இலேயே உள்ளுக்குள் கட்டுரை வாசித்து எச்சரித்தவர் ஜான் ஹார்ட்-ஸ்மித். அவர் எந்தப் பக்கத்து ஆள்? மெக்டொனல் டக்ளஸ் பக்கத்திலிருந்து வந்த பொறியாளர். வில்லன் கம்பெனியின் ஆள்! அவர் எச்சரித்த அதே பாதையில்தான் 2004-இல் 787 திட்டம் தொடங்கியது. அப்போது பயணிகள் விமானப் பிரிவின் தலைவர் யார் தெரியுமா? நம்முடைய கைதட்டல் நாயகன் முலாலி.

ஆகவே சான்றிதழை வைத்து இந்தக் கதையைப் பிரிக்க முடியாது. தொழிலறிவுக் கட்சியில் நான் சேர முடியாததற்கு இதுதான் காரணம். இருபத்திரண்டு வயதில் வாங்கிய பட்டம் ஐம்பது வயதுவரை தானாக உயிரோடு இருக்காது. தொழிலறிவு என்பது கையில் கிரீஸ் படிகிற தூரத்தில் இருக்கும்வரைதான் அறிவு. தள்ளிப்போய் உட்கார்ந்தால் அது சுவரில் மாட்டிய படம். முய்லன்பர்க்கின் காலத்தை உள்ளடக்கிய 2013 முதல் 2019 வரையிலான வருடங்களில் போயிங் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 4,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அந்தக் கணக்கைப் போட விண்வெளிப் பொறியியல் தேவையில்லை. அவர் எந்த மொழியில் கேள்வி கேட்டாரோ அந்த மொழியில்தான் பதிலும் வந்திருக்கும்.

இப்போது மூன்றாவது காட்சி. எட் பியர்சன், சியாட்டிலை ஒட்டிய ரென்டன் ஆலையில் மூத்த மேலாளர். முன்னாள் கடற்படைக்காரர். 2018 கோடையில் 737 உற்பத்தி வேகம் கூடி, பாகங்கள் தாமதமாகி, ஆட்கள் ஓவர்டைமில் சோர்ந்து, வேலை வரிசை மாறி நடந்துகொண்டிருந்தது. தன் குடும்பத்தை போயிங் விமானத்தில் ஏற்றத் தயங்குகிறேன் என்று மேலதிகாரிக்கு எழுதுகிறார். உற்பத்தியை நிறுத்தச் சொல்கிறார். ராணுவத்தில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் நிறுத்தியிருக்கிறோம் என்கிறார். அவருக்குக் கிடைத்த பதில்: ராணுவம் லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் இல்லையே. 2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பியர்சன் இதைச் சாட்சியமாகச் சொன்னார்.

1963-இல் ரீடின் அறை, 2006-இல் ஃபோர்டின் அறை, 2018-இல் ரென்டன். முதல் இரண்டு இடங்களில் செய்தி கேட்டவர் அடுத்து ஒரு கேள்வி கேட்டார். மூன்றாவது இடத்தில் ஒரு பொன்மொழி சொன்னார். அந்தப் பொன்மொழியில் தகவல் பிழை ஒன்றும் கிடையாது, ராணுவம் லாபத்துக்கு நடப்பதில்லைதான். ஆனால் பியர்சன் பேசியது பாகங்களையும் சோர்வையும் வரிசையையும் பற்றி. பதில் வேறு ஏதோ கிரகத்திலிருந்து வந்தது.

*

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியை மறைத்துவிட்டுப் போவது சரியில்லை. லூ கெர்ஸ்ட்னர். 1993-இல் ஐ.பி.எம். மூழ்கிக்கொண்டிருந்தபோது, பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவிலிருந்து வந்தவர். கணினித் துறைக்கு வெளி ஆள். கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் திட்டம் தயாராக இருந்தது. துறை தெரிந்தவர்கள் பலரும் அதையே சொன்னார்கள். கெர்ஸ்ட்னர் நிறுத்தினார், ஐ.பி.எம். பிழைத்தது. தொழில் தெரியாதவர் தொழில் தெரிந்தவர்களை வென்ற கதை என்று இதைச் சொல்வார்கள். ஆனால் கெர்ஸ்ட்னரே 2002-இல் எழுதிய புத்தகத்தில் காரணம் இருக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் அவர் ஐ.பி.எம்.மின் பெரிய வாடிக்கையாளர். பத்து கம்பெனிகளிடம் பத்து பாகம் வாங்கி ஒட்டவைக்கிற தலைவலி அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்பது வாங்கிப் பட்டவனின் அறிவு. கணினியைச் செய்தவர்களுக்கு அது கிடைக்காது. அவரிடம் இருந்ததும் தொழிலறிவுதான். நாம் தேடிய அலமாரியில் இல்லை, அவ்வளவே.

இதை ஆய்வாக நிறுவப் பார்த்தவர்களும் உண்டு. அமாண்டா குட்டால் 2011-இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, மருத்துவர்கள் தலைமையேற்ற இடங்களின் தரமதிப்பெண் நிர்வாகிகள் நடத்தியவற்றைவிட அதிகம் என்று காட்டினார். காரணகாரியம் நிரூபணமாகவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். நல்ல மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தலைவராக்குகின்றனவா, மருத்துவத் தலைவர்கள் மருத்துவமனையை நல்லதாக்குகிறார்களா என்பது திறந்த கேள்வி. எண்களைவிட எனக்கு அந்த மூன்று அறைகள் அதிகம் சொல்கின்றன. இலக்கிய வாசகனின் பலவீனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளுவரை போர்டு ரூமுக்குள் இழுத்துவரும் மோட்டிவேஷன் பேச்சாளர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் அதிகார வரிசை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொருட்பாலின் தொடக்கத்தில் இறைமாட்சி. அதில் ஒரு குறள், கேட்கக் கசப்பான பேச்சைத் தாங்கிக்கொள்ளும் அரசனைப் பற்றியது. இதைத் தலைமைப்பண்பு என்று போட்டு சுவரொட்டி அடிக்கலாம், அடித்திருப்பார்கள். ஆனால் இறைமாட்சியை அடுத்து வரிசை எப்படிப் போகிறது? கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை. கசப்பைத் தாங்கும் குணத்தைச் சொன்ன கையோடு படிப்பு, படிக்காததின் கேடு, பிறகு காது. படிக்காதவனாக இருந்தாலும் கேட்டாவது தொலை என்று கேள்வி அதிகாரத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது. பொறுமையையும் அறிவையும் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பட்டிமன்றம் வைக்கும் எண்ணம் அந்த வரிசையில் இல்லை.

ராபிசனின் புத்தகத்துக்குப் பிறகும் கதை நடந்துகொண்டிருக்கிறது. முய்லன்பர்க் சுமார் 6.2 கோடி டாலர் பலன்களோடு போனார். அடுத்து வந்த டேவ் கால்ஹவுன் கணக்கியல் படித்தவர், ஜி.இ.யில் வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் கெல்லி ஆர்ட்பர்க் வந்தார், இயந்திரப் பொறியாளர். சியாட்டிலில் இருந்தே வேலை பார்ப்பேன் என்றார். கடைசியில் ஒரு பொறியாளர் வந்துவிட்டார் என்று பலரும் மகிழ்ந்தார்கள். 2015-இல் முய்லன்பர்க் வந்தபோதும் அவர் பொறியாளர்தான் என்பதால் நான் படிப்பைப் பார்க்கவில்லை. சியாட்டிலைப் பார்த்தேன்.

ஆர்ட்பர்க் வருவதற்கு ஏழு மாதம் முன்பு, 2024 ஜனவரி 5 அன்று, அலாஸ்கா ஏர்லைன்ஸின் புது 737 மேக்ஸ் ஒன்று போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் அதன் பக்கச்சுவரில் கதவை அடைத்திருந்த பலகை பிய்ந்து பறந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் இல்லை. ரென்டன் ஆலையில் பக்கத்து ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள், திரும்ப மூடும்போது போல்ட் போடவில்லை. திறந்தது யார், எப்போது என்று விசாரணையாளர்கள் ஆவணம் கேட்டார்கள். திறந்ததற்கான தாளே எழுதப்படவில்லை.